மழைக்கு முன்: விற்பனைக்குள்ள தைலவண்ண நிலக்காட்சி ஓவியம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘மழைக்கு முன்’ என்று பெயரிட்டிருக்கும் இந்த ஓவியத்தை விற்க முடிவு செய்தபோது, அளவையும் விலையையும் மட்டுமே எல்லோரும் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேறு வகையாக இருந்தன: இது எந்த ஊர், வானம் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது, இவ்வளவு தடித்த வண்ணம் உதிர்ந்துவிடாதா, வேலை பாதியில் நிற்பதுபோல் தோன்றுகிறதே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய விடைகளைத் திருத்தி, தேவையான இடங்களில் விரித்து, ஒருசேர இங்கே தருகிறேன்.

ஓவியத்தில் இருப்பது என்ன? அதன் அளவு என்ன, எவற்றைக் கொண்டு வரையப்பட்டது?

அகலம் 120 செ.மீ., உயரம் 90 செ.மீ. மேலே மூன்றில் இரண்டு பங்கு வானம். கீழே ஒரு சமவெளி, அதைக் குறுக்கே அறுத்துச் செல்லும் ஒரு நீர்த்தடம், இடப்புறத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி வளைந்து நிற்கும் சில மரங்கள். மனிதர் இல்லை, வீடு இல்லை, பறவையும் இல்லை. 4 செ.மீ. தடிமனுள்ள மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய லினன் துணியின் மீது முதலில் பசைப்பூச்சும், அதன்மேல் இரண்டு முறை வெண்பூச்சும், பிறகு செங்காவி நிறத்தில் மிக மெல்லிய அடிவண்ணமும் இட்டிருக்கிறேன். அந்தச் செங்காவி சில இடங்களில் கடைசிவரை மூடப்படாமல் விடப்பட்டிருக்கிறது; அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். தூரிகையால் செய்தது பாதி, வண்ணக் கத்தியால் செய்தது பாதி. மரங்களின் உச்சியில் மட்டும் விரலாலும் வேலை நடந்திருக்கிறது.

இது எந்த இடம்?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். எளிதில் விடை சொல்ல முடியாததும் இதுதான். நான் ஓர் இடத்தில் நின்று வானத்தைப் பார்த்தது உண்மை. அங்கே நின்று உள்ளங்கை அளவுள்ள சிறு பலகைகளில் ஏழு முன்வரைவுகள் தீட்டியதும் உண்மை. ஆனால் பெரிய துணியில் வேலை தொடங்கியபோது அந்த ஏழில் எதையும் பெரிதாக்க முற்படவில்லை. மரங்கள் ஒரு பலகையிலிருந்தும், நீரின் வளைவு வேறொன்றிலிருந்தும் வந்தன. அடிவானத்தின் உயரமோ எதிலுமே இல்லாதது, வானத்தின் எடை கூட வேண்டும் என்பதற்காகக் கீழே இறக்கப்பட்டது. ஆகவே இந்தக் காட்சியைத் தேடிச் சென்றால் யாருக்கும் கிடைக்காது. அதனால்தான் ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைக்கவில்லை. வைத்திருந்தால் பார்ப்பவர் அந்த ஊரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார், ஓவியத்தைப் பார்க்கமாட்டார்.

நிலத்தை உணர்விலிருந்து பிரிக்காமல் பார்ப்பது தமிழில் எழுதுபவர்க்கும் படிப்பவர்க்கும் புதிதன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நம் மரபு வகுத்தபோதே, நிலமும் பொழுதும் ஒரு மனநிலைக்கு உரியவை என்பது ஏற்கப்பட்டுவிட்டது. ஓவியத்தில் நான் முயன்றதும் ஏறக்குறைய அதுவே: மழை வருவதற்கு முந்தைய சில நிமிடங்களில், காற்று திடீரென நின்றுபோகும்போது உடலில் உண்டாகும் அந்த இறுக்கம்தான் இதன் உரிப்பொருள். மரமும் நீரும் அதற்காக அழைத்து வரப்பட்டவை.

அப்படியானால் முன்வரைவுகள் எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் திறந்தவெளியில் மேகங்களை மட்டுமே தைலவண்ணத்தில் பலமுறை தீட்டி, பல தாள்களின் பின்புறத்தில் நாள், பொழுது, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். வானம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கண்ணும் கையும் அறிந்திருந்தால்தான், பிறகு அதை மீறுவதற்கும் ஒரு நியாயம் இருக்கும். இந்த ஓவியத்தின் பின்புறத் துணியிலும் முன்வரைவு நாளன்று வீசிய காற்றின் திசையை எழுதியிருக்கிறேன். இடம் எழுதப்படவில்லை.

வானத்தில் பச்சை ஏன்? நீரில் செம்மை ஏன்?

அடர்ந்த மழைமேகத்தின் அடியில் மாலை வெளிச்சம் நுழையும்போது வானம் பச்சை கலந்த சாம்பலாகத் தோன்றுவது உண்டு; ஆகவே பச்சை முழுக் கற்பனை அன்று. ஆனால் இங்கே இருக்கும் பச்சை கண்ணால் கண்டதைவிடப் பல மடங்கு கூட்டப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நீரில் உள்ள செம்மை பிரதிபலிப்பே அன்று. அது கீழே கிடக்கும் செங்காவி அடிவண்ணத்தைக் கத்தியால் சுரண்டி வெளியே கொண்டுவந்தது.

நிறத்தைப் பொருளிலிருந்து விடுவித்து உணர்வுக்குக் கொடுப்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். 1905 ஆம் ஆண்டுக் கோடையில் பிரெஞ்சு ஓவியர்கள் மத்தீஸும் டெரெய்னும் கொல்யூர் என்னும் பிரெஞ்சுக் கடற்கரை ஊரில் செந்நிற மரங்களும் ஊதா மலைகளும் தீட்டினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நான்கு கட்டடக்கலை மாணவர்கள் ‘பாலம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு குழுவைத் தொடங்க, அதிலிருந்து, கண்ட தோற்றத்தைவிட உள்ளுணர்வை முன்னிறுத்தும், வெளிப்பாட்டியல் என்று நாம் இன்று அழைக்கும் போக்கின் ஒரு கிளை வளர்ந்தது. அவர்களுக்கு முன்னோடியான வான்கோ, 1890 ஜூலையில், கலங்கிய வானத்தின் கீழே பரந்து கிடக்கும் கோதுமை வயல்களைத் தீட்டியதைத் தம்பிக்கு எழுதியபோது, துயரத்தையும் மிகுந்த தனிமையையும் வெளிப்படுத்த முயன்றதாகச் சொன்னார். அந்தக் கடிதத்திலேயே, நாட்டுப்புறத்தில் உடலுக்கும் மனத்துக்கும் வலுவூட்டுவதாகத் தான் காண்பதையும் அந்தப் படங்கள் சொல்லும் என்று சேர்த்தார். துயரத்தை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். என் பச்சை வானத்தைப் பார்த்து ‘அச்சமாக இருக்கிறது’ என்று ஒருவரும், ‘குளிர்ச்சியாக இருக்கிறது’ என்று மற்றொருவரும் சொன்னபோது, இருவருமே சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வலப்புறக் கீழ்மூலையில் வண்ணமே இல்லை. ஓவியம் முடிந்துவிட்டதா?

முடிந்துவிட்டது. அந்த மூலையில் அடிவண்ணத்தை மூடினால் நிலம் நிறைந்துவிடுகிறது, வானத்திலிருந்து இறங்கிய கனம் எங்கும் போக வழியில்லாமல் நின்றுவிடுகிறது. இரண்டு முறை மூடிப் பார்த்து, இரண்டு முறையும் ஈரத்தோடு துடைத்து எடுத்தேன். பிரெஞ்சு ஓவியர் செசான் தம் பிற்கால நிலக்காட்சிகளில் துணியை ஆங்காங்கே வெறுமையாக விட்டார். அந்த வெறுமை ஒளியாக வேலை செய்கிறது. ஆங்கில ஓவியர் டர்னர் 1842 இல் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியத்தை, சோப்பு நுரையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் என்று எள்ளினார்கள். இவர்களோடு என்னை நிறுத்திக்கொள்ளும் எண்ணம் இல்லை. முடித்தல் என்பது எல்லா இடத்தையும் ஒரே அளவுக்கு நிரப்புவதன்று என்பதற்கே இந்த எடுத்துக்காட்டுகள். வாங்கிய பின் அந்த மூலையை நிரப்பித் தர முடியுமா என்று கேட்டவருக்கு, முடியாது என்றே எழுதினேன்.

வண்ணம் சில இடங்களில் விரல் தடிமனுக்கு இருக்கிறது. அது வெடித்து உதிர்ந்துவிடாதா?

விரல் தடிமன் என்பது மிகை. மிகத் தடித்த இடம் சுமார் 6 மில்லிமீட்டர். இருந்தாலும் கேள்வி நியாயமானது, ஏனெனில் தைலவண்ணம் நீர்வண்ணத்தைப் போல ஆவியாகி உலர்வதில்லை. நிறமியோடு சேர்த்து அரைக்கப்பட்ட ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, மெல்ல மெல்ல ஒரு திடப்படலமாக மாறுகிறது. அப்படி மாறும்போது அதன் எடை தொடக்கத்தில் சற்றுக் கூடவே செய்கிறது. மேற்பரப்பு ஒரு வாரத்தில் தொடுவதற்கு உலர்ந்துவிட்டாலும், தடித்த பூச்சின் உள்ளே அது முழுமையடைய ஆண்டுகள் ஆகும். மேலே உள்ள படலம் விரைவாக இறுகி, கீழே உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருந்தால்தான் வெடிப்பு வருகிறது.

இதற்காகத்தான் பழைய பட்டறைகளிலிருந்து ஒரு விதி வழங்கி வருகிறது: மெலிந்ததன் மேல் கொழுத்தது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போக எண்ணெய் கூடியும் இருக்கவேண்டும். அப்போது மேலே உள்ளது கீழே உள்ளதைவிட நெகிழ்வாக இருக்கும். இந்த ஓவியத்தில் முதல் அமர்வில் இட்டவை பெரும்பாலும் அம்பர், சியன்னா போன்ற மண்நிறங்கள். அம்பரில் உள்ள மாங்கனீசு எண்ணெயை விரைவாக உலரச் செய்யும் என்பதால் அடியில் இருப்பதற்கு அது நல்லது. மெதுவாக உலரும் காட்மியம் நிறங்கள் மேலேதான் வருகின்றன. தடித்த வெண்மை முழுவதும் டைட்டானியம் வெள்ளை. துத்தநாக வெள்ளையைத் தவிர்த்துவிட்டேன். துத்தநாக வெள்ளை தூய்மையாகவும் குளிர்ந்த சாயலோடும் இருக்கும், கலக்கும்போது கைக்கு இதமானதும்கூட. ஆனால் எண்ணெயில் அது காலப்போக்கில் படலத்தை நொறுங்கும் தன்மையுள்ளதாக ஆக்கி, பூச்சுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகக் காரணமாகிறது என்பது ஓவியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்த உண்மை.

இவ்வளவு செய்தும், நூறு ஆண்டுகளுக்கு ஒரு மயிரிழை விரிசல்கூட வராது என்று நான் உறுதி கூறமாட்டேன். துணி ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும், இறுகிய வண்ணம் அதனோடு ஒத்துப்போகாது. வயதான தைலவண்ண ஓவியங்களில் மெல்லிய விரிசல் வலை இருப்பது நோயன்று, முதுமை. உதிர்தல்தான் நோய்.

ஓவியம் உலர்ந்துவிட்டதா? வார்னிஷ் பூசப்பட்டுள்ளதா?

தொடுவதற்கும் மாட்டுவதற்கும் உலர்ந்துவிட்டது. வார்னிஷ் இன்னும் பூசவில்லை. மெல்லிய பூச்சுள்ள ஓவியத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பது வழக்கம்; இது தடித்தது என்பதால் ஓராண்டுக்குமேல் காத்திருக்க விரும்புகிறேன். அவசரப்பட்டுப் பூசினால் வார்னிஷும் வண்ணமும் கலந்துவிடும், பிறகு ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை எடுக்க முடியாது. வார்னிஷின் பயனே அதை எதிர்காலத்தில் கரைத்து எடுத்துவிட்டு, படிந்த அழுக்கோடு சேர்த்து நீக்கிப் புதிதாகப் பூச முடியும் என்பதில் இருக்கிறது. பழைய டாமர் பிசின் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிவிடும். ஆகவே மஞ்சளாகாத செயற்கைப் பிசின் வகையை, பளபளப்பு குறைந்ததாகத் தேர்ந்தெடுத்துப் பூசுவேன். அதற்கான வேலைக்குத் தனிக்கட்டணம் இல்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு அங்கேயே உள்ள ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரைக் கொண்டு செய்துகொள்ளும் வகையில், பயன்படுத்திய பொருள்களின் பட்டியலை எழுதித் தருவேன்.

அதுவரை, மண்நிறம் உள்ள சில இடங்கள் மங்கலாகவும் மற்றவை மினுமினுப்பாகவும் தோன்றும். எண்ணெய் அடிப்பூச்சுக்குள் இறங்கியதால் வரும் மங்கல் அது. வார்னிஷ் பூசினால் சீராகும்.

நிறங்கள் காலப்போக்கில் மாறிவிடுமா?

வான்கோ, ஆர்ல் என்னும் பிரெஞ்சு ஊரில் தம் படுக்கையறையைத் தீட்டியபோது சுவர்கள் வெளிர் ஊதா என்று எழுதினார். இன்று அந்த ஓவியத்தில் நாம் காண்பது நீலச் சுவர். ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் ஒளியில் வெளிறிப்போய், நீலம் மட்டும் எஞ்சிவிட்டது. உலகம் முழுவதும் அந்த அறையை நீல அறையாகவே மனத்தில் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், நிறமியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது புரியும்.

இந்த ஓவியத்தில் அலிசரின் கிரிம்சன் இல்லை; அழகான குளிர்ந்த சிவப்பு அது, ஆனால் மெல்லிய பூச்சில் வெளிறக்கூடியது. அதற்கு மாற்றாக ஒளியைத் தாங்கும் குவினாக்ரிடோன் சிவப்பைப் பயன்படுத்தினேன். மற்றவை: காட்மியம் மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை, எரித்த சியன்னா, அம்பர், டைட்டானியம் வெள்ளை. வானத்தின் பச்சை குழாயிலிருந்து நேராக வந்ததன்று, விரிடியனும் சியன்னாவும் துணியின் மீதே ஈரத்தோடு ஈரமாகக் கலந்து உண்டானது. குழாயில் நிறமியின் குறியீட்டெண்ணை அச்சிடாத எந்த வண்ணத்தையும் நான் வாங்குவதில்லை.

நிறமி மாறாவிட்டாலும் எண்ணெய் சற்று மஞ்சளாகும். பலரும் அறியாத செய்தி என்னவென்றால், ஆளிவிதை எண்ணெய் இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகிறது. மிதமான வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மஞ்சளில் ஒரு பகுதி தானாகவே விலகும். எனவே பத்திரம் என்று கருதி இதைத் துணி சுற்றி அலமாரியில் வைப்பது இதற்குச் செய்யும் தீங்கு.

படத்தில் தெரியும் நிறமும் நேரில் தெரியும் நிறமும் ஒன்றா?

ஒன்றல்ல; ஒன்றாக இருக்கவும் முடியாது. கைப்பேசித் திரை ஒளியை வெளியிடுகிறது, வண்ணமோ ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதோடு இந்த ஓவியத்தில் ஒவ்வொரு தடித்த தீட்டுக்கும் ஒரு சிறு நிழல் உண்டு. அந்த நிழலும் ஓவியத்தின் ஒரு பகுதியே. நேருக்கு நேராக விளக்கைப் பாய்ச்சி எடுத்த நிழற்படத்தில் அது அழிந்துவிடும். ஆகவே கேட்பவர்களுக்கு முன்புற ஒளியில் ஒன்று, இடப்பக்கச் சாய்ந்த ஒளியில் ஒன்று, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு சிறு காணொளி என மூன்றும் அனுப்புகிறேன். இயன்றவர்கள் நேரில் பார்த்து முடிவு செய்வதையே விரும்புகிறேன்.

எங்கே, எப்படி மாட்டவேண்டும்?

நேரடி வெயில் விழாத, ஈரம் ஏறாத உட்சுவர் நல்லது. அடுப்பின் மேலும், குளியலறையிலும், குளிர்சாதனக் கருவியின் காற்று நேராக வீசும் இடத்திலும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும். அந்த அளவைவிட ஈரப்பதம் நிலையாக இருப்பது முக்கியம். தைலவண்ணத்துக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாகச் சுமார் 200 லக்ஸ் ஒளி அளவைக் கடைப்பிடிக்கின்றன. வீட்டில் அளவுகோல் வைத்துப் பார்க்கவேண்டியதில்லை, சுகமாகப் படிக்க முடிகிற வெளிச்சம் என்று கொள்ளலாம். விளக்கை மேலிருந்து சாய்வாக விழச் செய்தால் வானத்தின் தீட்டுகள் எழுந்து நிற்கும்.

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில், நிற்பவரின் கண்மட்டத்துக்கு வரட்டும். ஒற்றை ஆணியில் தொங்கவிடாமல் இரு கொக்கிகளில் மாட்டவேண்டும். பின்புறக் கீழ்மூலைகளில் சிறு மென்துணித் துண்டுகளை ஒட்டியிருக்கிறேன். அவை சுவருக்கும் துணிக்கும் இடையே காற்றுக்கு வழிவிடும்.

இன்னொன்று: இதற்கு எதிரே விலகி நிற்க இடம் வேண்டும். அருகில் நின்றால் கத்தியின் தடம்தான் தெரியும், நான்கடி பின்னால் போனால்தான் மரம் மரமாகும். குறுகிய நடைகூடத்துக்கு இதை வாங்க விரும்பியவரிடம் இதைச் சொல்லி, சிறிய முன்வரைவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சட்டகம் சேர்ந்தே வருகிறதா?

ஆம். ஓரத்தை மறைக்காமல் சுற்றிலும் சிறு இடைவெளி விட்டு நிற்கும் மரச்சட்டகம், பூச்சில்லாத சாம்பல் நிறம். கண்ணாடி இல்லை, தைலவண்ணத்துக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, தடித்த வண்ணத்தில் அது உரசவும் கூடும்.

தூசியை எப்படி அகற்றுவது?

உலர்ந்த, மிக மென்மையான, அகன்ற தூரிகையால், மேலிருந்து கீழாக, ஆண்டுக்கு ஓரிரு முறை. ஈரத்துணி, சோப்பு நீர், பஞ்சு எதுவும் வேண்டாம். பஞ்சின் இழை தடித்த தீட்டுகளில் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் முனை உடையும். ரொட்டித் துண்டாலும் வெங்காயத்தாலும் தேய்த்துச் சுத்தம் செய்யலாம் என்று சொல்லப்படுவதை நம்பவேண்டாம். உணவுத் துணுக்கு இடுக்கில் தங்கிப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விருந்தாகும். கசிவோ புகையோ பட்டுக் கறை ஏற்பட்டால் தாமாக முயலாமல் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

துணி தளர்ந்தால், சட்டத்தின் உள்மூலைகளில் இருக்கும் சிறு மர ஆப்புகளை இலேசாகத் தட்டி இறுக்கலாம். பின்புறம் நீர் தெளித்தால் துணி இறுகும் என்பது சிறிது நேரத்துக்கு உண்மைதான், ஆனால் அந்த ஈரம் அடிப்பூச்சின் பிடியைத் தளர்த்திவிடும்.

சுருட்டி, குழாயில் வைத்து அனுப்பினால் செலவு குறையுமே?

குறையும், ஓவியமும் குறையும். மெல்லிய பூச்சுள்ள துணியை வண்ணம் வெளிப்புறமாக இருக்கும்படி பெரிய விட்டமுள்ள உருளையில் சுற்றலாம். 6 மில்லிமீட்டர் தடித்த வண்ணத்தைச் சுற்றினால் அது துணியிலிருந்து கழன்றுவிடும். இது சட்டத்தோடுதான் பயணம் செய்யும். எதுவும் வண்ணத்தைத் தொடாதபடி உயர்ந்த ஓரமுள்ள பயணச் சட்டத்தில் பொருத்தி, அதை மரப்பெட்டிக்குள் மென்பஞ்சுப் பலகைகளோடு வைத்து அனுப்புவேன். குமிழி உறையை நேரடியாக வண்ணத்தின் மேல் சுற்றுவது பரவலாக நடக்கும் தவறு. சற்று வெப்பம் பட்டாலே குமிழிகளின் வட்டத் தடம் இளம் வண்ணத்தில் பதிந்துவிடும். முன்பு ஒரு சிறு ஓவியத்தை விற்ற இடத்திலிருந்து திரும்பப் பெற்றபோது அதன் வானம் முழுவதும் அம்மைத் தழும்பு போல வட்டங்கள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய முடியவில்லை, சுரண்டித்தான் எடுத்தேன்.

பெட்டி வந்து சேர்ந்ததும் உடனே திறக்காமல் ஒரு நாள் அறையில் வைத்திருங்கள். வெளியே குளிராக இருந்திருந்தால், திடீரென வெதுவெதுப்பான காற்றுப் பட்டு நீர்த்துளிகள் படியக்கூடும். காப்பீடு அனுப்பும் செலவிலேயே அடங்கும்.

விலை எப்படித் தீர்மானிக்கப்பட்டது? குறைத்துத் தருவீர்களா?

என் ஓவியங்களுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டிவரும் எண்ணை ஒரு நிலையான மதிப்பால் பெருக்குவதே அடிப்படை. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு ஓவியங்களில் எனக்குப் பிடித்ததற்குக் கூடுதலாகக் கேட்கும் சபலம் எழுவதில்லை. இதில் வண்ணத்தின் அளவு வழக்கத்தைவிட மும்மடங்கு சென்றிருப்பதால், பொருட்செலவை மட்டும் தனியாகச் சேர்த்திருக்கிறேன். எழுதிக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்புகிறேன். பேரம் பேசுவதில்லை, ஏனெனில் முன்பு முழு விலை தந்தவருக்கு அது செய்யும் துரோகம். தவணையாகத் தருவதில் தடையில்லை. கடைசித் தவணை வரும்வரை ஓவியம் உங்கள் பெயரில் என்னிடம் இருக்கும்.

ஓவியத்தில் குறைகள் ஏதேனும் உண்டா?

மூன்று உண்டு, வாங்குமுன் தெரிந்திருக்கவேண்டும். வானத்தின் மேல் இடப்புறத்தில் மிகத் தடித்த ஓரிடத்தில் மேற்பரப்பு இலேசாகச் சுருங்கியிருக்கிறது. மேற்படலம் உள்ளே இருப்பதற்கு முன் உலர்ந்து விரிந்ததால் வந்தது, பரவாது. நடுவில், சாய்ந்த ஒளியில் பார்த்தால், சுரண்டி எடுக்கப்பட்ட ஒரு மரத்தின் அடித்தடம் தெரியும். அதை மறைத்திருக்கலாம், ஆனால் அங்கே ஒரு மரம் நின்று போனது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றாவதாக, கீழ் விளிம்பில் ஒரு சிறு பூச்சி ஈர வண்ணத்தில் சிக்கி உலர்ந்துவிட்டது. எடுத்தால் குழி விழும் என்பதால் விட்டுவிட்டேன்.

அசல் என்பதற்கு என்ன சான்று?

முன்புறத்தில் கையொப்பம், பின்புறத்தில் தலைப்பு, ஆண்டு, காற்றின் திசை, தனியாக ஒரு சான்றிதழ், வேலையின் ஐந்து கட்டங்களில் எடுத்த நிழற்படங்கள். இவற்றில் கடைசியைத்தான் நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன், ஏனெனில் கையொப்பத்தைப் போலச் செய்வது எளிது, அடியில் மறைந்துவிட்ட பூச்சுகளை அறிவது கடினம். பயன்படுத்திய நிறமிகளின் பட்டியலும் உடன் வரும். ஜெர்மானியப் போலி ஓவியர் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி, கம்பென்டாங்க் என்ற ஜெர்மானிய ஓவியர் 1914 இல் வரைந்தது என்று சொல்லி விற்கப்பட்ட ஓவியத்தில் சிக்கிக்கொண்டது டைட்டானியம் வெள்ளையால்தான். அந்த வெள்ளை 1914 இல் ஓவியர்களின் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. 2011 இல் அவர் தண்டிக்கப்பட்டார். கண்களை ஏமாற்றியது நிறமியிடம் தோற்றது.

வாங்கியபின் அச்சுப் பிரதிகள் எடுக்கலாமா?

ஓவியம் உங்களுடையதாகும், பிரதி எடுக்கும் உரிமை பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி ஓவியரிடமே இருக்கும், அதற்குத் தனியாக எழுத்துவழி ஒப்பந்தம் வேண்டும். வீட்டில் நிழற்படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. மறுவிற்பனை செய்யவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. சில நாடுகளில் மறுவிற்பனைத் தொகையில் ஒரு பங்கு ஓவியரைச் சேரும். பிரான்சில் இது 1920 முதல் சட்டம்.

இது விற்றுவிட்டால் இதே போல இன்னொன்று வரைந்து தருவீர்களா?

இதே போல என்றால் முடியாது. ஈரத்தோடு ஈரமாக இழுத்த ஒரு தீட்டை மறுபடி அதே போல இழுக்கும்போது கை அதைப் பார்த்து எழுதுகிறது, அனுபவித்து இழுப்பதில்லை. அந்த வேறுபாடு வண்ணத்தில் தெரிந்துவிடும். இதே பொழுதை மீண்டும் அணுகுவது வேறு. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 1891 ஆண்டுகளில் வைக்கோல் போர்களைச் சுமார் 25 துணிகளில் தீட்டினார். எதுவும் மற்றொன்றின் பிரதியன்று, ஒவ்வொன்றிலும் ஒளி வேறு. மழைக்கு முந்தைய வானத்தை நானும் மீண்டும் வரைவேன், அளவைச் சொல்லி முன்பதிவும் செய்யலாம். நிறத்தை முன்கூட்டியே சொல்லும் ஒப்பந்தத்தை மட்டும் ஏற்பதில்லை. திரைச்சீலைக்குப் பொருத்தமான பச்சை வேண்டும் என்றால், திரைச்சீலையை மாற்றுவது எளிது.

வீட்டில் மாட்டிப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால்?

14 நாள்களுக்குள் அதே பெட்டியில் திருப்பி அனுப்பலாம். ஓவியத்தின் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும், போக்குவரத்துச் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டியை அதுவரை தூக்கி எறியாதீர்கள்.

விற்ற பிறகு எங்களிடமிருந்து எதையாவது எதிர்பார்க்கிறீர்களா?

இரண்டு. ஓராண்டு கழித்து வார்னிஷ் பூச ஓவியத்தைச் சில நாள்கள் என்னிடம் தருவது அல்லது உங்கள் இடத்திலேயே அதைச் செய்ய இசைவது. அதற்கு முன், மாட்டிய சுவரோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு நிழற்படம் அனுப்புவது. குறைகளில் நான் சொன்ன, வானத்தின் மேற்பரப்பிலுள்ள அந்தச் சுருக்கம் அப்படியே இருக்கிறதா என்பதை அதில்தான் பார்க்கவேண்டும்.